சென்னையில் வாடகை ஃபிளாட்டை நிம்மதியான வீடாக்குவது எப்படி

சென்னைக்கு வந்த புதிதில் நாங்கள் குடியேறிய ஃபிளாட்டில் முதல் மாதச் சம்பளத்திலேயே ஒரு பெரிய சோபா வாங்கிப் போட்டோம். ஹாலின் மேற்குச் சுவரை ஒட்டித்தான் அதற்கு இடம் இருந்தது. ஏப்ரல் வந்ததும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சோபாவை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தோம். வீடு பார்க்க அழகாக இருந்தது, ஆனால் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு நான்கு வீடு மாறியாகிவிட்டது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் நான் செய்யும் வரிசை வேறு. முதலில் வெயில், அடுத்து காற்று, பிறகு கொசு, தூக்கம், வெளிச்சம். சாமான் வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. சென்னையில் ஒரு வீடு உடம்புக்கு இதமாக இருக்கிறதா என்பதை முதல் ஐந்தும்தான் தீர்மானிக்கின்றன. இந்த ஐந்துக்கும் சோபாவுக்கு ஆகும் பணத்தில் கால்வாசிகூட ஆகாது. கீழே சொல்வதெல்லாம் வாடகை வீட்டை மனதில் வைத்துத்தான். சுவரை இடிக்க வேண்டாம், போகும்போது பெரும்பாலானவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

சாமான் வண்டி வருவதற்கு முன்

சாவி கையில் வந்ததும் வீடு காலியாக இருக்கும்போதே ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பிளக் பாயின்ட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். கீசர், ஏசி, வாஷிங் மெஷின் மூன்றுக்கும் பெரிய 15 ஆம்பியர் பிளக் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான் எந்தச் சாமான் எங்கே என்பதே முடிவாகும்.

சுவர்களை, முக்கியமாக வெளிச்சுவர்களின் மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழேயும், போட்டோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஈரத்தில் உப்பிய பெயின்ட், ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளைகள் எல்லாம் பதிவாகிவிடும். காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் பற்றிய பேச்சு சுமுகமாக முடிய இது ரொம்ப உதவும்.

அப்போதே ஓனரிடம் பேசிவிட வேண்டியவை சில உண்டு. எத்தனை இடத்தில் ஆணி அடிக்கலாம், ஜன்னலுக்குக் கொசுவலை போடலாமா, பால்கனியில் தட்டி தொங்கவிடலாமா என்று நேராகக் கேளுங்கள். மரியாதையாக முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்றே சொல்கிறார்கள். கேட்காமல் செய்தால்தான் மனக்கசப்பு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் போன்ற சின்ன ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

முதல் இரவு

பால் காய்ச்சிய அன்று இரவே எல்லா அட்டைப்பெட்டியையும் பிரிக்க வேண்டும் என்று இல்லை. அன்றைக்குத் தேவை ஒரு படுக்கை, ஓடும் ஃபேன், கொசுவலை, வாளியும் மக்கும், ஒரு கேன் தண்ணீர், கண்ணைக் குத்தாத ஒரு விளக்கு. இவற்றை மட்டும் தனியாக ஒரு பையில் கட்டி, மேலே பெரிதாக எழுதி, வண்டியில் கடைசியாக ஏற்றுங்கள். அப்போதுதான் முதலில் இறங்கும். முதல் இரவு நன்றாகத் தூங்கிவிட்டால் அடுத்த பத்து நாள் வேலையும் பொறுமையாக நடக்கும்.

ஒரு வாரம் வெயிலைப் பாருங்கள்

புதிதாகக் குடியேறும் எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது இதுதான். ஒரு வாரத்துக்குக் கட்டிலைத் தவிர வேறு எதற்கும் நிரந்தர இடம் முடிவு செய்யாதீர்கள். விடுமுறை நாளில் காலை 8, பகல் 12, மாலை 4, இரவு 9 ஆகிய நேரங்களில் ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். எந்தத் தரையில் வெயில் விழுகிறது, எந்தச் சுவர் சுடுகிறது, எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணியை விட்டுவிடாதீர்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை வெளியே விட நேரம் எடுக்கும். பகலில் பரவாயில்லை என்று தோன்றும் மேற்கு அறை, படுக்கப் போகும் நேரத்தில்தான் அனலாக இருக்கும். மேல்மாடி ஃபிளாட்டில் கூரையும் இதையே செய்யும்.

வீடு காட்டுபவர்கள் ‘வடக்குப் பார்த்த வீடு, வெயிலே வராது’ என்று சொல்வார்கள். பிற மாதங்களுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் விழும். அதே நேரத்தில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது. டிசம்பரில் இதற்கு நேர்மாறு, தெற்கு ஜன்னல் வழியாக இதமான வெயில் ஹாலுக்குள் வெகுதூரம் வரும். ஜனவரியில் குடிவந்தவர்கள் மே மாதம் திணறிப்போவது இதனால்தான்.

குறிப்பு எடுத்து முடித்ததும் அறைகளை அதன்படி பிரியுங்கள். கிழக்கிலோ தெற்கிலோ வெளிச்சுவர் உள்ள அறை படுக்க நல்லது. மேற்கு அறையில் பீரோ, புத்தக அலமாரி, துணி மடிக்கும் இடம் ஆகியவற்றை வைக்கலாம். கட்டடம் கட்டியவர் ‘மாஸ்டர் பெட்ரூம்’ என்று பெயர் வைத்துவிட்டதால் அங்கேதான் படுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இப்போது இருக்கும் வீட்டில் நாங்கள் சின்ன அறையில்தான் படுக்கிறோம். பெரிய அறை மேற்கில் இருக்கிறது.

வெயிலை வெளியிலேயே நிறுத்துவது

ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு கனமான ஸ்கிரீன் போட்டாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதில் படுகிறது. சூடு அதற்குள் அறைக்குள் வந்தாகிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே தடுத்தால் பலன் அதிகம். பால்கனியில் மூங்கில் தட்டி தொங்கவிடுவது எனக்குத் தெரிந்து இந்த ஊரில் செலவுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு. பால்கனியின் அகல உயரத்தை அளந்து கொடுத்தால் செய்து தருவார்கள், கயிற்றை இழுத்துச் சுருட்டி மேலே கட்டிக்கொள்ளலாம். காற்று இடைவெளி வழியே வரும், வெயில் உடைந்து மென்மையாக விழும். கீழ்முனையை இரண்டு பக்கமும் கயிற்றால் கம்பியோடு கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் காற்றடிக்கும்போது அது அடித்துக்கொள்ளும் சத்தத்தில் யாராலும் தூங்க முடியாது. சில அசோசியேஷன்களில் வெளியே தெரியும்படி எதையும் தொங்கவிடக் கூடாது என்று விதி இருக்கும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால்கனி இல்லாத ஜன்னல் என்றால் உள்பக்க ஸ்கிரீன்தான் வழி. வெளியே பார்க்கும் பக்கம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கும்படி பருத்தித் துணியில் தைத்துப் போடுங்கள். ரெடிமேட் ஸ்கிரீனின் நீளம் பல நேரம் நம் ஜன்னலுக்கு ஒத்து வராது. எழும்பூர் பாந்தியன் சாலையில் காட்டன் ஸ்ட்ரீட் என்று எல்லோரும் சொல்லும் கடை வரிசையில் மீட்டர் கணக்கில் துணி வாங்கி, பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்தால் அளவு சரியாக அமையும், செலவும் குறைவு.

மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்பதால் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் அடித்தால் கீழே இருக்கும் அறைகளின் சூடு நன்றாகக் குறையும். அசோசியேஷன் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். பிப்ரவரியிலேயே சொன்னால்தான் கத்திரிக்கு முன் வேலை முடியும்.

காற்று

கோடையில் சென்னையைக் காப்பாற்றுவது கடற்காற்று. காலையில் மேற்கிலிருந்து உலர்ந்த சூடான காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரத் தொடங்கும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் முதலில் வரும், அம்பத்தூர் போய்ச் சேரத் தாமதமாகும். மே மாதம் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாள்களில் இது தாமதமாகும், அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தும். ஆகவே கோடையில் ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைப்பது சரியான வழி இல்லை. விடியற்காலையில் எல்லாவற்றையும் திறந்து வீட்டைக் குளிரவிடுங்கள். வெயில் ஏறியதும் வெயில் படும் பக்கத்தை மூடி ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள். காற்று திசை மாறியது முகத்தில் தெரிந்ததும் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறங்கள்.

ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வராது. அது வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழி வேண்டும். சமையலறை ஜன்னலோ பாத்ரூம் வென்டிலேட்டரோ போதும், நடுவில் உள்ள கதவுகள் திறந்திருக்க வேண்டும். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ரப்பர் ஸ்டாப்பர் வாங்கி வையுங்கள். சாயங்காலம் அறை வெக்கையாக இருந்தால் டேபிள் ஃபேனை மேற்கு ஜன்னல் பக்கம் வெளியே பார்த்து வையுங்கள். அது சூடான காற்றை வெளியே தள்ளும், மற்றப் பக்கத்திலிருந்து புதுக் காற்று தானாக வரும். அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதிது வாங்க வேண்டாம். பல நேரம் கோளாறு கண்டென்சரில்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாற்றச் சொல்லுங்கள், இறக்கைகளையும் துடைத்துவிடுங்கள், பழைய வேகம் திரும்பிவிடும். புதிது வாங்குவதாக இருந்தால் பிஎல்டிசி ஃபேன் வாங்குங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில்தான் எடுக்கும். தினம் 10 மணி நேரம் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம். காலி செய்யும்போது ஓனரின் பழைய ஃபேனை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம். பழையதைத் துணி சுற்றி லாஃப்டில் பத்திரமாக வையுங்கள்.

ஏசி இருந்தால் 18-ல் வைக்கும் பழக்கம் வேண்டாம். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஏசியைப் போட்டதும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்தது. அந்த 24-ஐ 26 ஆக்கி, சீலிங் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். உடம்பு ஒட்டாமல், தொண்டை வறளாமல் விடியும்வரை தூங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள்.

கொசு

காற்றுக்காக ஜன்னலைத் திறப்பதும் கொசுவுக்காக மூடுவதும் இந்த ஊரில் தினசரிப் போராட்டம். இதற்கு வலை ஒன்றுதான் தீர்வு. ஜன்னல் சட்டத்தில் வெல்க்ரோ பட்டை ஒட்டி அதன் மேல் ஒட்டும் ஃபைபர் வலைக்கு ஆணி வேண்டாம், கழற்றித் துவைக்கலாம். ஒட்டும் முன் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். தூசி மேல் ஒட்டினால் ஒரு மாதத்தில் கையோடு வந்துவிடும். ஜன்னல்களுக்கெல்லாம் வலை போட்டுவிட்டு பாத்ரூம் வென்டிலேட்டரை மறந்துவிடுபவர்கள் பலர். கொசு அந்த வழியாகத்தான் வரும்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும், வீட்டுக்குள்ளேயே சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை நாள் குறித்து வைத்து, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, செடித்தொட்டியின் அடித்தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மூடாமல் வைத்த டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடையுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பிறகு இந்த வேலை. பத்து நிமிஷம்தான் ஆகும். வலைக்கும் மருந்துக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

படுக்கை

கட்டிலை ஃபேனுக்கு நேர் கீழே வரும்படி போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். கோடையில் சுவரின் சூடு உடம்பில் படாது, மழைக்காலத்தில் ஓதம் மெத்தையில் ஏறாது. லிஃப்ட் ஓடும் சுவரை ஒட்டித் தலைமாடு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுரை மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இலவம்பஞ்சு மெத்தை அந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை, ஆனால் மாதம் ஒருமுறை மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். அதற்கு ஆளும் தெம்பும் இல்லை என்றால் நுரை மெத்தையின் மேலேயே கோடையில் ஒரு கோரைப்பாயை விரித்துவிடுங்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது செய்தது இது. அதன் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். திருநெல்வேலிப் பக்கம் யாராவது போனால் பத்தமடைப் பாய் வாங்கி வரச் சொல்லுங்கள். அதில் பட்டுப் போன்ற மெல்லிய ரகம் விலை அதிகம், படுப்பதற்குச் சாதாரண ரகமே போதும்.

விரிப்பும் தலையணை உறையும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது வழவழவென்று இருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறி விரிப்புகள் நன்றாகக் கிடைக்கும், தள்ளுபடிக் காலத்தில் போனால் இன்னும் நல்லது. நான்கைந்து முறை துவைத்த பிறகுதான் கைத்தறி மிருதுவாகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்

வாடகை வீடுகளில் அநேகமாக எல்லா அறையிலும் சுவரில் ஒரு வெள்ளை டியூப்லைட் இருக்கும். அது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்), பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும். சமைக்கவும் படிக்கவும் அது நல்ல வெளிச்சம். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதன் கீழே உட்கார்ந்திருந்தால் ஏதோ அலுவலகத்தில் இருப்பது போலவே இருக்கும். உடம்பும் இரவு வந்துவிட்டது என்று அறியாது. வீட்டின் மனநிலையை மிகக் குறைந்த செலவில் மாற்றுவது இங்கேதான்.

ஹாலிலும் படுக்கையறையிலும் ‘வார்ம் ஒயிட்’ என்று எழுதிய 2700 அல்லது 3000 கெல்வின் எல்இடி பல்புகளைப் போடுங்கள். கடையில் கேட்கும்போது வாட்டை மட்டும் சொன்னால் வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மஞ்சள் வெளிச்சம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் ஹோல்டர் பின் மாடலா திருகு மாடலா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பின் மாடல்தான். டேபிள் லாம்ப்பில் திருகு மாடல் இருக்கலாம்.

அடுத்து, உச்சியில் எரியும் ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாக, கண் மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று சின்ன விளக்குகள். சோபாவின் ஓரத்தில் ஒன்று, புத்தக அலமாரி மேல் சுவரைப் பார்த்து ஒன்று, 5 வாட் போதும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும் வெளிச்சத்தைவிட மென்மையானது. எல்லாவற்றையும் ஸ்விட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இணைத்துவிட்டால் உள்ளே வரும்போது ஒரு தட்டில் எல்லாம் எரியும். வசதி இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே நாம் மறுபடி டியூப்லைட்டுக்குத் திரும்பிவிடுவோம், அதனால் இந்த ஸ்விட்ச் முக்கியம். டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம். பெருக்கவும், தொலைந்த பொருளைத் தேடவும், விருந்தாளிகள் நிறைய வரும்போதும் அது வேண்டும்.

படுக்கையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் தரைக்குப் பக்கத்து பிளக்கில் அரை வாட் மஞ்சள் நைட் லாம்ப் ஒன்று செருகுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாற்றமும் சத்தமும்

பூட்டிக் கிடந்த வீட்டில் பாத்ரூமிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தால் ஃபினாயில் ஊற்றிப் பயனில்லை. தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே நஹானி டிராப் என்று ஒரு வளைவு இருக்கிறது. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுக்கிறது. பல நாள் புழங்காவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஜாலியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். உபயோகிக்காத இரண்டாவது பாத்ரூமிலும், பால்கனியில் வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் இடத்திலும் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். கரப்பான் வருவதும் குறையும்.

தாளிப்பு நெடி ஹாலுக்கு வராமல் இருக்க எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமைக்கத் தொடங்கும் முன்பே போட்டு, முடித்த பிறகும் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். அதன் இறக்கையில் பிசுக்கு ஏறியிருந்தால் சத்தம் மட்டும்தான் வரும், காற்றை இழுக்காது.

தெருச் சத்தத்தைத் துணியால் நிறுத்த முடியாது. இடுக்குகளை அடைத்தால்தான் குறையும். ஸ்லைடிங் ஜன்னலின் ஓரத்தில் தேய்ந்த பிரஷ் பட்டையை மாற்றச் சொல்லுங்கள், வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஆனால் உள்ளே எழும் எதிரொலிக்குத் துணிதான் மருந்து. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் பேச்சே கணீரென்று கேட்கும். ஹாலில் ஒரு பவானி ஜமக்காளம், பருத்தி ஸ்கிரீன், நிறைந்த ஒரு புத்தக அலமாரி இருந்தால் அறை அமைதியாகிவிடும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் வட்டுகளை ஒட்டுங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

உட்கார ஓர் இடம்

இவ்வளவும் முடிந்த பிறகு சாமான் வாங்கலாம். இரண்டு மாதம் வாழ்ந்திருப்பீர்கள், சாயங்காலம் தானாக எங்கே போய் உட்காருகிறீர்கள் என்று தெரிந்திருக்கும். அந்த இடத்துக்கு வாங்குங்கள். எங்களுக்கு அது பால்கனிக் கதவுக்குப் பக்கத்துத் தரை. ஒரு தாழ்வான திண்டு மெத்தையும் இரண்டு தலையணையும் போட்டோம். பெரிய சோபாவைத் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

ஒன்றிரண்டு செடிகள் கட்டாயம் வையுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள். வீட்டில் நாம் வைக்கும் நான்கைந்து தொட்டிகளால் அது நடக்காது. பச்சையைப் பார்க்கும் சந்தோஷத்துக்காக வையுங்கள். வெயில் விழும் பால்கனியில் துளசியும் ஓமவல்லியும் எளிதாக வரும். நிழல் மூலையில் மணி பிளான்ட், மருள். நேர் வெயில் இல்லாத ஈரமான இடத்தில் வெற்றிலைக் கொடி அழகாகப் படரும். தண்ணீர் குறைவாக ஊற்றிச் செடி போவதைவிட அதிகமாக ஊற்றிப் போவதுதான் ஃபிளாட்டில் அதிகம்.

மழைக்கு முன்

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். சென்னையின் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும், ஒரு வருஷத் தூசியில் அவை அடைத்துப் போயிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் சட்டத்தைத் தேய்த்து, துளையில் ஒரு குச்சியை விட்டுச் சுத்தம் செய்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா என்று பாருங்கள். பால்கனியின் தண்ணீர்க் குழாய் வாயில் கிடக்கும் இலையை எடுங்கள். மூங்கில் தட்டியைச் சுருட்டி மேலே இறுக்கிக் கட்டுங்கள். பீரோவை வெளிச்சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, உள்ளே அந்துருண்டை போடுங்கள். பட்டுப் புடவைகளை ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டு மடித்து வையுங்கள்.

முதல் கனமழை பெய்யும் இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த ஜன்னல் மூலையில் ஈரம் கசிகிறது, எந்தச் சுவரில் தடம் இறங்குகிறது என்று அப்போதே போட்டோ எடுத்து மறுநாள் காலை ஓனருக்கு அனுப்புங்கள். வெயில் அடித்துக் காய்ந்த பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.